ஊதா ஸ்வெட்டர்

அத்தியாயம் 4

ஜமால் முகமது வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார். கடைவீதியில் நாற்பது வருஷமாகச் செருப்புக்கடை நடத்துகிறவர். தேவதர்ஷினியின் செருப்பில் வார் தேய்ந்திருப்பதும், மாயவன் இரண்டு காலிலும் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்த செருப்பு போட்டிருப்பதும் அவர் கண்ணில் பட்டுவிட்டன. வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

"கல்யாணத்துக்குப் போன எடத்துல மாறிடுச்சு பாய்," என்றார் மாயவன், யாரும் கேட்காமலே. "ஒண்ணு என்னுது. இன்னொண்ணு எவனுதுன்னு மூணு மாசமா துப்பறிஞ்சிக்கினு கீறேன்."

ஜமால் சிரிக்கவில்லை. வந்த வேலை சிரிக்கிற வேலை இல்லை என்று மாயவனுக்கு அப்போதே புரிந்துபோயிற்று.

மாயவன் கள்ளக்குறிச்சி - வெள்ளிமலை பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எங்கே ஏறினார்கள், யார் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் தூங்குவதுபோல நடிக்கிறார்கள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தத் திறமைக்காகத்தான் தேவதர்ஷினி அவரைத் தன் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டாள். கூடவே அவர் வாயும் வரும் என்று அவள் யோசிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தைந்து வயது, மாப்பிள்ளை விசாரிப்பும் காணாமல் போன மாடும் என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பு. இப்படி ஒரு வழக்கு அவளுக்கும் புதிது.

"எம் மருமவ ஹப்சா," என்றார் ஜமால். "எங்கக்கா மவதான். திங்கக்கிழம காலையில போனவ. இன்னிக்கி வியாழன். அஞ்சாவது மாசம் முழுவாம கீறா. போலீசுக்குப் போனா ஊரு பூரா பேச்சாயிடும்."

"வூட்ல சண்டையா பாய்?" என்று கேட்டாள் தேவதர்ஷினி.

"சண்ட இல்லம்மா. ரிப்போர்ட்டு."

அதற்குமேல் அவர் சொன்னதைக் கோர்த்தால் இவ்வளவுதான். ஹப்சாவின் முதல் பிள்ளை நிஷாத்துக்குத் தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேறு யாராவது கொடுத்த ரத்தத்தை ஏற்றினால் அடுத்த மூன்று வாரம் ஓடும். தகப்பன் சுஐப் ஷார்ஜாவில் இருந்ததால் ஆறு வருஷமும் பையனை ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவர் ஜமால்தான். போன வருஷம் ரமலான் மாதத்தில் நிஷாத் போய்விட்டான். இந்த மே மாதம் சுஐப் பத்து நாள் லீவில் வந்து போனான். ஹப்சா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை டாக்டர் சும்மா விடவில்லை. வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று பனிக்குட நீரை ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சனிக்கிழமை பதில் வந்தது. இந்தக் குழந்தைக்கும் அதே நோய்.

"எங்க வூட்ல நிஷாத்துக்கு முன்ன யாருக்கும் இந்த நோவு கெடையாதும்மா. மிஷினு தப்பா காட்டியிருக்கும். வேற எடத்துல ஒரு தபா பாக்கலாம்னேன். அவ பதிலே பேசல." ஜமால் குரலைத் தாழ்த்தினார். "கலைக்கப் போயிட்டாளோன்னு பயமா கீது. எம் மவன் கையெழுத்து இல்லாம எந்த ஆஸ்பத்திரியிலயும் செய்ய மாட்டாங்கல்ல?"

"அவரு கையெழுத்து வேணாம் பாய். அவங்க கையெழுத்து ஒண்ணு போதும். சட்டமே அதான்."

ஜமால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சீக்கிரம் கண்டுபுடிங்கம்மா. அது எம் பேரப்புள்ள."

அந்த நேரம் அவர் மனைவி மெஹ்ராஜ் பேகம் டீத் தட்டோடு வந்தார். தட்டை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தார். கசக்கி எறியவில்லை. நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். தன் வீட்டுக்காரி பெருங்காயம் மடிக்க எடுத்து வைப்பதுபோல இருக்கும் என்று நினைத்து மாயவன் டீயில் கவனமானார்.

"அவங்க போறப்ப நீங்க பாத்தீங்களாம்மா?" தேவதர்ஷினி கேட்டாள்.

"இல்லம்மா. விடிகால ஃபஜ்ரு தொழுதுட்டு படுத்தேன். கண்ணசந்துட்டேன். எழுந்து பாத்தா ஆளு இல்ல."

"இன்னா துணியில போனாங்கன்னு தெரியுமா?"

"துணி எனக்குத் தெரியாது," என்று முந்திக்கொண்டார் ஜமால். "வெள்ள கேன்வாஸ் ஷூவ காணோம். ஆறாம் நம்பரு. நான்தான் கடையிலேந்து குடுத்தது."

"கருப்பு புர்கா," என்றார் மெஹ்ராஜ் பேகம். "அதுக்கு மேல ஊதா சொட்டரு. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு."

"கள்ளக்குறிச்சி வெயிலுக்கு சொட்டரா?" மாயவனால் சும்மா இருக்க முடியவில்லை. "பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள வடாம் பதத்துக்கு வந்துடுவாங்களேம்மா."

மெஹ்ராஜ் பேகம் டீ கிளாஸ்களை அடுக்க ஆரம்பித்தார். ஒன்றில் இன்னும் பாதி டீ இருந்தது. அது மாயவனுடையது.

ஹப்சாவின் அறையில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டில், பீரோ, ஜன்னலில் ஒரு பையனின் சின்னத் தொப்பி. மருத்துவ ஃபைலின் பிளாஸ்டிக் உறை மட்டும் பீரோவில் இருந்தது. உள்ளே இருந்த தாள்களை அவள் எடுத்துப் போயிருந்தாள். உறையின் உள்பையில் மடித்துச் செருகிய ஒரே ஒரு தாள் தப்பியிருந்தது. விரித்துப் பார்த்தால் சதுரமும் வட்டமுமாகக் கோடு போட்டு இணைத்திருந்தது.

"இன்னா மேடம் இது? பாண்டி ஆடறதுக்கு வரஞ்சதா?"

"குடும்பப் படம்ணே. கட்டம் ஆம்பள, வட்டம் பொம்பள. பரம்பரை நோய்னா டாக்டருங்க மொதல்ல இதத்தான் கேட்டு வரைவாங்க. குறுக்குக் கோடு போட்டிருந்தா இறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

தாளின் அடியில் ஒரு சதுரத்துக்குக் குறுக்கே கோடு. நிஷாத். அதற்கு மேல் வரிசையில் இன்னும் இரண்டு குறுக்குக் கோடு இருந்தது. தேவதர்ஷினி அந்த இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் '17க்குள்ள' என்று எழுதியிருந்தது.

கூடத்துக்கு வந்து காட்டினாள். ஜமாலுக்கு விளங்கவில்லை. மெஹ்ராஜ் பேகம் எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "பதினேழு அடுத்த புதங்கெழமைல்ல வருது. இன்னும் ஆறு நாள் கீது."

ஆறு நாள் என்றதும் ஜமாலின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. மாயவனுக்கும் மூச்சு வந்தது. ஆறு நாளில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.

"கேன்வாஸ் ஷூவு, சொட்டரு," என்றாள் தேவதர்ஷினி. "மலைக்குப் போனமாதிரி இருக்கு. கல்வராயன் மலையில உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க?"

"எங்களுக்கு மலையில யாரும்மா." ஜமால் யோசித்தார். "ஒருத்தரு உண்டு. ஆதிமூலம்னு. வெள்ளிமலைக்கு அந்தாண்ட. நிஷாத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், லேசுல கெடைக்காது. நாலஞ்சு பேரு மாத்தி மாத்தி குடுப்பாங்க. அதுல அவரு ஒருத்தரு. மூணு மாசத்துக்கு ஒரு தபா எறங்கி வருவாரு. கூப்பிடவே வேணாம்."

மாயவன் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். மறுபடி எடுத்தார். அவருக்கு ஆதிமூலத்தைத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் பஸ், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், வெளுத்த சட்டை, "கள்ளக்குறிச்சி ஒண்ணு". ஒவ்வொரு தடவையும் மாயவன் பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி கேட்பார்: "இன்னா ஆதிமூலம், டவுன்ல இன்னொரு வூடு செட்டப்பா?" பஸ் சிரிக்கும். ஆதிமூலமும் சிரிப்பார். ஒரு தடவைகூட எதற்குப் போகிறேன் என்று சொன்னதில்லை.

தேவதர்ஷினியின் ஸ்கூட்டர் ஊர் எல்லையைத் தாண்டும்வரை மாயவன் பின்சீட்டில் வாய் திறக்கவில்லை. அது அவள் சர்வீசிலேயே நடந்திராத சமாச்சாரம்.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். காலையில் பாதியோடு போன டீயின் நினைப்பு மாயவனுக்கு. ஜமால் கொடுத்த எண்ணில் ஆதிமூலத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள் தேவதர்ஷினி. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். அதைப் பையில் போட்டவள், டீக்கடைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அரிசி மண்டிக்காரர் கொடுத்த தினசரி காலண்டர். பெரிய எழுத்தில் 11. ஒரு ஓரத்தில் ஆவணி 26. இன்னொரு ஓரத்தில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்தில், இன்னொரு தேதி.

"அண்ணே, அந்தம்மா காலையில எந்தத் தாள கிழிச்சாங்க?"

"நேத்து தாளு. பத்தாம் தேதி."

"மடிச்சு முந்தானையில வெச்சாங்கல்ல?"

"ஆமா. பெருங்காயம் மடிக்க."

"இத படிங்க." அவள் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மாயவன் கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். ரபியுல் அவ்வல் 18.

"இன்னிக்குப் பிறை பதினெட்டு," என்றாள் தேவதர்ஷினி. "எங்க தெருவுல பாதி அவங்க வூடுதான்ணே, எனக்குத் தெரியும். நாலு மாசம் முழுசா நெறஞ்சா கருவுக்கு உயிர் ஊதப்படும்னு அவங்க நம்பிக்கை. அதுக்கப்புறம் கலைக்கறது பெரிய பாவம். அதுக்கு முன்னாடின்னா, இந்தமாதிரி நோய்க்கு, கேட்டா சரின்னு சொல்ற மார்க்கம் படிச்ச ஆலிம்சாங்க உண்டு. நாலு மாசம்னா இங்கிலீஷ் மாசம் இல்ல. பிறை மாசம். சுஐப்பு ஊருக்கு வந்த தேதியிலேந்து எண்ணியிருக்காங்க."

மாயவன் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்று பாதியில் புரிந்தது.

"அப்ப பதினேழு..."

"நேத்தோட முடிஞ்சிடுச்சு. ஆறு நாள்லாம் நமக்கு இல்லவே இல்ல."

டீ மாஸ்டர் இரண்டு கிளாஸை நீட்டினார். தேவதர்ஷினி வாங்கவில்லை. மாயவன் இரண்டையும் வாங்கி, குடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் மாயவன் ஒரு பெயர் வைத்திருப்பார். வாந்தி வளைவு, வாத்தியார் வளைவு, மாமியார் வளைவு. அவள் அந்தப் பெயர்களைக் கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். அவர் சொல்லவில்லை. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. மழை இப்போதுதான் விட்டிருந்தது. சாமைக் கொல்லைகள் ஈரமாக நின்றன.

வெள்ளிமலையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். அப்புறம் ஸ்கூட்டர் போகாத பாதை. ஆதிமூலத்தின் வீட்டு வாசலில் மண் படிந்த வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி இருந்தது. ஆறாம் நம்பர்தானா என்று குனிந்து பார்க்க மாயவனுக்குத் தோன்றவில்லை.

ஆதிமூலம் வெளியே வந்தார். அதே வெளுத்த சட்டை. "வாய்யா கண்டக்டரே," என்றார். "மேல வந்து பாக்க இத்தன வருஷம் ஆச்சா உனுக்கு?"

மாயவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் செய்த கேலிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க நினைத்தார். "நீ ரத்தம் குடுக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றுதான் வந்தது.

"சொல்றதுக்கு இன்னா கீது. நீயும்தான் தெனம் பஸ்ஸு கூடவே போயிட்டு வந்த. யாருக்குன்னு நான் கேட்டனா?"

அவர் மனைவி சின்னப்பொண்ணு அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள். வந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை. "பொண்ணு மரத்தாண்ட கீது," என்றாள். "ரெண்டு வாய் கஞ்சி குடிக்கச் சொன்னா குடிக்கல. நீங்களாவது சொல்லிப் பாருங்க. ஆனா ஏதும் திட்டாதீங்க. பச்ச ஒடம்பு."

பச்ச ஒடம்பு. பிள்ளை பெற்றவளுக்குச் சொல்கிற வார்த்தை. மாயவனும் தேவதர்ஷினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு கடுக்காய் மரம். அடியில் புதிதாகக் கொத்திய மண். முழம்கூட இருக்காது. சுற்றிக் கல் வைத்திருந்தது. பக்கத்தில் ஹப்சா உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், கருப்பு புர்கா, கை இரண்டையும் அக்குளில் செருகியிருந்தாள்.

"மாமா அனுப்புனாரா?" என்று கேட்டாள்.

தேவதர்ஷினி அவள் எதிரில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். "ஆமா. நான் தேவதர்ஷினி. உங்கள இழுத்துக்கினு போக வரல ஹப்சா. எங்க இருக்கீங்கன்னு பாக்கத்தான்."

"செவ்வாக்கெழம முடிஞ்சிடுச்சுக்கா. நேத்து ஜீப்புல இங்க வந்துட்டேன்." ஹப்சா அழவில்லை. அழுது தீர்ந்தவள் பேசுகிற பேச்சு. "நிஷாத்துக்குக் கடைசியில ஊசி குத்த எடமே இல்ல. காலுல குத்துனாங்க. கழுத்துல குத்துனாங்க. ஒவ்வொரு தபாவும் 'இன்னிக்கி யாரு ரத்தம்மா'ன்னு கேப்பான். மலைக்காரரு ரத்தம்னா சிரிப்பான். இன்னிக்கி மல மேல ஓடுவேன்னு சொல்லுவான். நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும் அவனுக்கு. இன்னொரு புள்ளய அப்டி கேக்க வெக்க எனக்குத் தெம்பு இல்ல. ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு எனக்கு. இது வேணாம்னு இல்லக்கா. வேணும். ரொம்ப வேணும். அதனாலதான்."

மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. மாயவன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"வூட்டுக்கு வராம இங்க ஏன் வந்தீங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஊரு கபர்ஸ்தானுக்குள்ள பொம்பளைங்க போறதில்ல. நிஷாத்த தூக்கிக்கினு போனப்ப நான் வாசப்படியோட நின்னுட்டேன். மாமா போன்ல போட்டோ எடுத்தாந்து காட்டுனாரு. எம் புள்ள கபர நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன்." ஹப்சா கல் ஒன்றை நேராக நகர்த்தி வைத்தாள். "இத ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்கினேன். சின்னப்பொண்ணு அக்கா குழி எடுத்தாங்க. நானே வெச்சேன். பக்கத்துலயே குந்திக்கினு கீறேன். யாரும் எழுந்திரின்னு சொல்லல."

அவள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பேச்சை மாற்றுவதற்காகத்தான் மாயவன் அந்தக் கேள்வியைக் கேட்டார். வாழ்நாளில் அவர் வாய் செய்த தப்புகளில் அதுதான் பெரியது.

"சொட்டரு எங்கம்மா? வூட்லேந்து ஊதா சொட்டரு போட்டுக்கினு வந்தீங்களாமே. குளுருல அத ஏன் போடல?"

ஹப்சா கொத்திய மண்ணைப் பார்த்தாள்.

பின்னால் கஞ்சியோடு வந்து நின்ற சின்னப்பொண்ணுதான் சொன்னாள். "புதுத் துணி ஒண்ணு வாங்கியாரட்டான்னு கேட்டன். வேணாம்னுட்டா. சொட்டரக் கழட்டி அதுல சுத்துனா. பொத்தான ஒண்ணொண்ணா அவளேதான் போட்டா. கழுத்து வரைக்கும்."

மாயவன் குடைக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் பார்த்தார். அறுபத்தோரு வயதில் அன்றைக்குத்தான் பார்த்த பெண் முன்னால் அழுவதில் அவருக்கு வெட்கமில்லை. ஆனால் அழுகிறவள் அவளாக இருக்க வேண்டிய இடத்தில் தான் அழுவது சரியில்லை என்று பட்டது.

தேவதர்ஷினி கேட்டாள்: "திங்கக்கிழம காலையில அந்தப் பொத்தானப் போட்டு விட்டது உங்க மாமிதான?"

ஹப்சா நிமிர்ந்தாள். மாயவனும் திரும்பினார்.

"தூங்கிட்டேன்னு சொன்னாங்க. மாமா ஷூவ காணோம்னாரு. அது சரி, காணாமப் போனது அப்டித்தான் தெரியும். சொட்டருல பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டிருந்தது, போறப்ப பக்கத்துல நின்ன ஆளுக்குத்தான் தெரியும். அப்புறம் பதினேழு. உங்க வயசுக்காரங்க போன்ல தேதி பாப்பாங்க. பிறை எண்ணி நாள் வெச்சு எழுதறது அவங்க கை." தேவதர்ஷினி பையிலிருந்து சதுரமும் வட்டமுமான அந்தத் தாளை எடுத்தாள். "எங்க வூட்ல நிஷாத்துக்கு முன்ன யாருக்கும் இல்லன்னு மாமா சொல்றாரு. இதுல சுஐப் கட்டத்துக்குப் பக்கத்துல ரெண்டு கோடு இருக்கு. அத டாக்டர்கிட்ட சொல்லியிருக்கக்கூடியவங்க ஒருத்தருதான்."

ஹப்சா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமிக்கு எங்க வூட்டுக்காரரு பொறக்கறதுக்கு முன்ன ரெண்டு புள்ள. ஒண்ணு ரெண்டு வயசுல. ஒண்ணு நாலு வயசுல. வெளுத்து வெளுத்துப் போயி செத்துச்சாம். சோகைன்னு சொல்லிட்டாங்களாம். மாமியும் மாமாவும்கூட சொந்தத்துல கட்னவங்கதான். வூட்ல அந்த ரெண்டு பேர யாரும் பேசமாட்டாங்க. எனக்கே தெரியாது. டாக்டர் பேனாவ எடுத்து ஒவ்வொருத்தரா கேட்டப்ப மாமி வாயத் தொறந்தாங்க. டாக்டரம்மா கோடு போட்டாங்க. மாமி அந்தக் கோட்டயே பாத்துக்கினு இருந்தாங்க. அன்னிக்கி ராவே பிறை எண்ணி இதுல எழுதிட்டாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆஸ்பத்திரியில கையெழுத்து நான்தான் போட்டேன். என்னைச் சேத்து வுட வந்தாங்க, பேனா அவங்க குடுத்தாங்க. மத்தியானம் மாமா சாப்பிட வர்றதுக்குள்ள திரும்பிட்டாங்க."

அவள் கஞ்சியை வாங்கி இரண்டு வாய் குடித்தாள். சின்னப்பொண்ணு அதற்காகவே காத்திருந்தவள்போலப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

"ஞாயித்துக்கெழம வந்துடறேன்னு மாமாகிட்ட சொல்லுங்கக்கா. மாமி பேர மட்டும் சொல்லாதீங்க. அவரு அடிக்கற ஆளு இல்ல. அழுவாரு. இந்த வயசுல மாமி அதயும் பாக்க வேணாம்."

புறப்படும்போது ஆதிமூலம் பாதைவரை கூட வந்தார். "அடுத்த மாசம் கீழ வருவேன் கண்டக்டரே," என்றார். "வேற ஒரு புள்ளைக்கு வேணுமாம். சங்கராபுரத்துப் புள்ள." மாயவன் தலையை ஆட்டினார். கூட வருகிறேன் என்று சொன்னார். தன் ரத்தம் என்ன வகை என்று அவருக்கே தெரியாது.

வெயில் தாழும் நேரத்துக்குக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தார்கள். தேவதர்ஷினி கூடத்தில் ஜமாலின் எதிரில் உட்கார்ந்து நேராகச் சொன்னாள். ஹப்சா நன்றாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள், அந்தப் பதினேழு பிறைக் கணக்கில் நேற்று, நாம் தேட ஆரம்பித்தபோதே முடிந்துவிட்டது. மெஹ்ராஜ் பேகத்தின் பேரை எடுக்கவில்லை.

ஜமால் கோபப்படவில்லை. தன் இடது தோளைத் தடவிக்கொண்டார்.

"நானே தூக்கிக்கினு போயிருப்பேன்மா, மறுபடியும்," என்றார். "ஆறு வருஷம் தூக்கல? நான் முடியாதுன்னு ஒரு நாளு சொன்னனா?"

"உங்களால முடியும் பாய்," என்றாள் தேவதர்ஷினி. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுவாரு என்று ஹப்சா சொன்னது சரியாகப் போயிற்று.

மாயவன் அதைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்து, ஜோடி சேராத செருப்பில் காலை நுழைத்தார். பின்னால் வந்த மெஹ்ராஜ் பேகம் தண்ணீர் கிளாஸை அவர் கையில் கொடுத்தார். முந்தானையில் அந்தக் காலண்டர் தாள் முடிச்சு இன்னும் இருந்தது. கண் கூடத்தின் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பியது.

"மேல குளுரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குளுருதாம்மா. மழ வேற."

"சொட்டரு போட்டுக்கினு இருந்தாளா?"

முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன வாய் அது. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். இரண்டு குறுக்குக் கோடு அவர் கண்ணுக்குள் வந்தது. இந்த அம்மாவுக்கும் அந்த இரண்டு கபரை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

"அவங்க போடலம்மா," என்றார் மாயவன். "புள்ளைக்கு சுத்திட்டாங்க. கடுக்கா மரத்தடியில கீது. சுத்தி கல்லு வெச்சிருக்காங்க. மேட்டு நெலம், தண்ணி நிக்காது."

மெஹ்ராஜ் பேகம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"பொத்தான் போட்டாளா?"

"போட்டாங்கம்மா. கழுத்து வரைக்கும்."

"அப்ப குளுராது," என்று சொல்லிவிட்டு, மாயவன் குடிக்காத தண்ணீர் கிளாஸை வாங்கிக்கொண்டு மெஹ்ராஜ் பேகம் உள்ளே போனார்.